குருசடிச் சந்தியில் ஒரு தன்சல்

கையில் அகப்பையோடு ஜீவராணி தேயிலைக்குள் பாய்ந்தாள்.

பாதை என்று அங்கே எதுவும் கிடையாது. இரண்டு நிரைகளுக்கு நடுவே மழைத் தண்ணீர் ஓடி ஓடி உண்டாக்கி வைத்த வழுக்கல், அவ்வளவுதான். பத்தாவது எட்டிலேயே ஒரு செருப்பு போயிற்று. மற்றதை அவளே உதறிவிட்டாள். முழங்கை வரைக்கும் தேயிலை வாது கீறியது. காதோடு போனை அழுத்திப் பிடித்திருந்தாள்.

"என்னங்க, இருக்கீங்களா?"

"இருக்கேன். நீ ஓடு."

போனுக்குள் எஞ்சின் அலறியது. லொறி இரண்டாவது கியரில் தொங்கிக்கொண்டு இறங்கும்போது வரும் அலறல். லொறி டிரைவர் சுதாகரனைக் கட்டிப் பதின்மூன்று வருடமாகிறது. அந்தச் சத்தம் அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும்.

ஒரு நிமிடத்துக்கு முன்னால் அவள் பிள்ளைக் காம்பராவில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் கைப்பிள்ளைகளை விட்டுப் போகும் இடம் அது. ஜீவராணிதான் ஆயம்மா. பதினொரு பிள்ளைகள். பதினொன்றரைக்குத் தாய்மார் வந்து பால் கொடுப்பார்கள். நேரம் நெருங்கிவிட்டால் ஒன்று அழும், அதைப் பார்த்து இன்னொன்று அழும், அப்புறம் கச்சேரிதான். அந்தக் கச்சேரிக்கு நடுவே, மேல் வளைவில் லொறி ஒன்று போகும் சத்தம் கேட்டது. கேட்ட விதம் சரியில்லை. அடுத்த நொடி போன் அடித்தது.

"ராணி, பிரேக் போயிருச்சு."

"விளையாடாதீங்க."

"மேல் வளைவுல மிதிச்சேன். பெடல் உள்ள போய் அப்படியே ஒட்டிக்கிச்சு. ஹேன்ட் பிரேக்க இழுத்தேன், அதுவும் புடிக்கல. இனிமே சந்திலதான் போய் நிப்பேன். இல்லாட்டி நிக்க மாட்டேன்."

கூட வேலை செய்யும் சுகிர்தத்திடம் "பிள்ளைகளப் பாத்துக்க" என்று கத்தியது ஞாபகம் இருக்கிறது. அகப்பையைக் கீழே வைத்தது ஞாபகம் இல்லை. வைக்கவில்லை என்பது பாதி மலை இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

லொறிக்குப் பாதை மலையைச் சுற்றிக்கொண்டு வரும். எட்டு வளைவு, மூன்றரைக் கிலோமீட்டர். அவளுக்கு நேர் இறக்கம். ஏழு நிமிடத்தில் லொறி குருசடிச் சந்திக்கு வந்துவிடும். நாலு நிமிடத்தில் அவள் அங்கே நிற்க வேண்டும்.

"குதிச்சிருங்க!" மூச்சு வாங்க வாங்கக் கத்தினாள். "லொறி போனாப் போகட்டும். நீங்க குதிங்க!"

"முடியாது."

"ஏன், கதவு இறுகிருச்சா?"

"கதவெல்லாம் நல்லாத்தான் இருக்கு. குதிக்க முடியாது ராணி. கேக்காத, ஓடு."

"அப்ப மண்மேட்டுப் பக்கம் சாத்துங்க!"

"சாத்தினா சக்கரம் ரோட்டோரக் கான்ல விழுந்து லொறி சாஞ்சிரும்."

"சாயட்டுமே! கொழுந்துதானே கொட்டும்?"

எஞ்சின் அலறியது. அப்புறம் மெதுவாகச் சொன்னான்.

"சாயக்கூடாது."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாருடைய கொழுந்துக்காக இந்த மனுசன் உசிரை விடப் பார்க்கிறான்? தோட்டத்துத் துரை கேட்டானா, மேற்பார்வைக் கண்டாக்கு கேட்டானா? திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். கால் வழுக்கியது. உட்கார்ந்த மேனிக்கே நாலு நிரை சறுக்கிப் போய் ஒரு சவுக்கு மரத்தில் மோதி எழுந்தாள். அகப்பை கையிலேயே இருந்தது.

"ராணி? ராணி!"

"இருக்கேன். சொல்லுங்க."

"சந்திக்கு எதிர்ல மாதா கோயில் ஏத்தம் இருக்குல்ல? மெயின் ரோட்டக் கடந்து நேரா அதுல ஏத்திட்டா வண்டி தானா நின்னுரும். அரை நிமிசம் மெயின் ரோட்ல ஒரு வண்டியும் இருக்கக்கூடாது. சந்தில நிக்கிற திரீவீல் மைக்கலுக்கு அடிச்சேன், எடுக்கல. நீதான் நிப்பாட்டணும். கடைசியா தண்ணிப் பீலி வளைவுக்கு வந்ததும் ஹோர்ன விடாம அடிப்பேன்."

"சந்தில ஸ்டொப் போர்ட் இருக்குத்தானே..."

சொல்லும்போதே அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்த நிலைமையிலும் போனுக்குள் சுதாகரன் சிரித்தான்.

---

குருசடிச் சந்தியில் ஸ்டொப் போர்ட் ஒன்றல்ல, நாலு. சந்தி மூலையில் நிற்கும் பழைய சிலுவையடியால்தான் அந்தப் பெயர். ஹட்டன் - நுவரெலியா ரோட்டில் ஒரு குருட்டு வளைவு. வளைவின் நடுவே மேலிருந்து தோட்டத்துப் பாதை வந்து விழும். எதிரே மாதா கோயில் பாதை செங்குத்தாக ஏறும். யார் எங்கிருந்து வருகிறார்கள் என்று பத்தடி வரைக்கும் தெரியாது. எட்டு மாதத்துக்கு முன்னால் நாலு பக்கமும் சிவப்புப் பலகை நட்டார்கள். மூன்று மொழியிலும் எழுதியிருந்தார்கள். முதல் இரண்டு நாள் பொலிஸ்காரர் ஒருவர் நின்றார், வண்டிகளும் நின்றன. மூன்றாம் நாள் அவர் போனார், வண்டிகளும் போயின.

காரணம் இருந்தது. கொழுந்து லொறி சந்திக்கு வரும் நேரம் ஊரிலே எல்லோருக்கும் மனப்பாடம். பத்தரை, ஒன்றரை, ஐந்து. மற்ற நேரத்தில் தோட்டத்துப் பாதையில் என்ன வரப் போகிறது? ஊர்க்காரர்கள் நிற்கவில்லை. ஊர்க்காரர்களே நிற்கவில்லையே என்று வெளியூர்க்காரர்களும் நிற்கவில்லை. சுதாகரனும் நின்றதில்லை. பக்கத்து சீற்றில் எத்தனையோ தடவை உட்கார்ந்து போயிருக்கிறாள். ஏன் நிற்கவில்லை என்று ஜீவராணியும் கேட்டதில்லை.

இன்றைக்குக் கொழுந்து மலிந்து போய், வழக்கத்தில் இல்லாத நடை ஒன்று போட்டிருந்தார்கள். இப்போது மணி பதினொன்று முப்பத்தொன்று.

கடைசிக் கட்டில் இருந்து ரோட்டுக்குக் குதித்தாள். மூடுபனி. பலகை ஒன்றில் மழைக்கோட்டு காய்ந்துகொண்டிருந்தது. மழைக்கோட்டுக்காரன் மைக்கல் தன் திரீவீலுக்குள் பாட்டைச் சத்தமாகப் போட்டுக்கொண்டு காலை நீட்டியிருந்தான்.

"மைக்கலு! எந்திரி! உங்க அண்ணன் லொறிக்குப் பிரேக் இல்ல, வந்துக்கிட்டிருக்கு! ரோட்ட நிப்பாட்டணும்!"

அவன் எழுந்த வேகத்தில் தலை கூரையில் இடித்தது. "எத்தன நிமிசம்க்கா?"

"மூணு!"

அவள் நுவரெலியாப் பக்கம் ஓடினாள். பனிக்குள்ளிருந்து ஒரு வேன் வந்தது. நடு ரோட்டில் நின்று இரண்டு கையையும் விரித்தாள். வேன் ஹோர்ன் அடித்து, அவளைச் சுற்றி வளைத்துக்கொண்டு போயிற்று. அடுத்தது ஒரு கார். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி, "பைத்தியமா?" என்று சிங்களத்தில் கேட்டுவிட்டு ஏற்றிக்கொண்டது. அவள் பலகையைக் காட்டினாள். மரக்கறி லொறிக்காரன் பலகையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், சிரித்துக்கொண்டே போனான். "பிரேக் இல்லாத லொறி வருது" என்று அவள் தமிழில் கத்தினாள், சிங்களத்தில் கத்தினாள். கண்ணாடி மூடிய வண்டிகளுக்குள் எந்தப் பாஷையும் போகவில்லை.

ஹட்டன் பக்கம் மைக்கல் கத்துவது கேட்டது. "நில்லுங்கடா! டேய், போர்டப் பாருங்கடா!" அவனைச் சுற்றியும் வண்டிகள் பறந்தன.

"அக்கா! போர்டப் பாத்து நிக்கிறவன் இந்த ரோட்லயே இல்லக்கா!"

"உன் கோட்ட முதல்ல போர்ட்லருந்து எடுடா!"

போன் பேசியது. "ராணி, ஆறாவது வளைவு. கொஞ்சம் வேகம் புடிச்சிருச்சு. ரோடு எப்படி?"

அவள் ரோட்டைப் பார்த்தாள். வெசாக் முடிந்த மறுநாள். சிவனொளிபாதமலைக்குப் போனவர்கள் திரும்புகிறார்கள், நுவரெலியா பார்க்க வந்தவர்கள் இறங்குகிறார்கள். ஒன்றன் பின் ஒன்றாக ஒளிவிளக்குகள்.

"சரியாயிருக்கும், வாங்க" என்றாள். பதின்மூன்று வருடத்தில் அவனிடம் சொன்ன பெரிய பொய் அதுதான்.

எதற்கு நிற்பார்கள் இவர்கள்? பொலிசுக்கு நிற்பார்கள். பொலிஸ் இல்லை. பலகைக்கு நிற்க மாட்டார்கள். ஒரு பொம்பளை செத்துப்போகிறேன் என்று நின்றாலும் சுற்றிக்கொண்டு போகிறார்கள். வேறு எதற்கு...

நேற்று வெசாக், புத்தர் பெருநாள். ஹட்டனுக்கு அவள் போன பஸ் அஞ்சு இடத்தில் நின்றது. நின்றதா? பிரேக் கிறீச்சிட அடித்துப் பிடித்துக்கொண்டு நின்றது. டிரைவர், கண்டக்டர், பிரயாணிகள் என்று மொத்தப் பஸ்ஸும் இறங்கி வரிசையில் நின்றது. போவோர் வருவோருக்கெல்லாம் இலவசமாகக் கொடுக்கும் தன்சல்கள். ஒரு இடத்தில் கடலை, ஒரு இடத்தில் ஐஸ்கிரீம், ஒரு இடத்தில் மரவள்ளிக்கிழங்கும் கட்டைச் சம்பலும்.

ஜீவராணி தன் கையைப் பார்த்தாள். அகப்பை.

தோளிலே பிள்ளைகளுக்கு வாய் துடைக்கிற மஞ்சள் துவாய். உருவினாள். அகப்பைக் காம்பில் ஒரு முடிச்சுப் போட்டாள். தலைக்கு மேலே தூக்கி ஆட்டினாள். அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"தன்சல! தன்சல! எண்ட, எண்ட! வாங்க, வாங்க, தன்சல!"

பனிக்குள்ளிருந்து பாய்ந்து வந்த தனியார் பஸ், நிறைமாதப் பசுவைப் போல் முனகி நின்றது.

அதற்குப் பின்னால் ஒரு வேன் நின்றது. அதற்குப் பின்னால் கார். சற்று முன்பு அதே இடத்தில் இவளைச் சுற்றிப் போன ஜாதியைச் சேர்ந்த வண்டிகள் எல்லாம், காலையில் பேர் பதிய ஆட்கள் பெரட்டுக் களத்தில் நிற்பது மாதிரி வரிசையாக நின்றன.

அந்தப் பக்கம் மைக்கலுக்கும் பிடிபட்டுவிட்டது. பலகையிலிருந்த மழைக்கோட்டை உருவிக் கொடியாக ஆட்டினான். "தன்சல! தன்சல! ஐஸ்கிரீம்!" தேயிலைத் தோட்டத்தில், மூடுபனியில், ஐஸ்கிரீம். ஒருவனுக்கும் சந்தேகம் வரவில்லை. மூன்று கார், ஒரு டிப்பர், இரண்டு மோட்டார் சைக்கிள் அங்கே நின்றன.

பஸ் கண்டக்டர் மிதிபலகையில் இருந்து குதித்தான். வாயெல்லாம் சிரிப்பு. "அக்கே, மொனவத தன்சலே?" என்ன தருகிறீர்கள் என்று அவனுக்குத் தெரிய வேண்டும்.

"கடல! அவிச்ச கடல! சூடா இருக்கு!"

"கோ?"

எங்கே? நல்ல கேள்வி. அவள் அகப்பையை மாதா கோயில் பக்கம் காட்டினாள். "வருது, வருது. ரோட்டுல இறங்காதீங்க, ஓரமா நில்லுங்க!"

பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கத் தொடங்கினார்கள். ஒரு அம்மா பிளாஸ்டிக் கிண்ணம் கூடக் கொண்டுவந்திருந்தார். அப்போதுதான் வரிசைக்குப் பின்னாலிருந்து ஒரு கறுப்பு ஜீப் வெளியே வந்தது. தன்சல் வேண்டாதவன். எல்லா வண்டியையும் முந்திக்கொண்டு எதிர்ப் பக்கத்தால் சந்தியை நோக்கி வந்தான்.

போன் சத்தம் போட்டது. போனுக்கு முன்னால் மலையே சத்தம் போட்டது. நீண்ட, விடாத ஹோர்ன். தண்ணிப் பீலி வளைவு.

ஜீவராணி ஜீப்புக்கு முன்னால் போய் நின்றாள். அது நிற்கவில்லை. உறுமிக்கொண்டு ஊர்ந்து வந்து அவள் வயிற்றில் முட்டியது. அவள் அகப்பையை ஓங்கி அதன் மூக்கில் ஒரு அடி போட்டாள். டங் என்றது. கஞ்சிப் பருக்கை கண்ணாடியில் தெறித்தது.

உள்ளே இருந்தவன் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தான். "ஏய்!"

மற்றக் காலை வைக்கும் முன் மலைப் பக்கம் திரும்பினான்.

தோட்டத்துப் பாதையில் இருந்து லொறி வந்தது. வந்தது என்பது சரியில்லை, விழுந்தது. படங்கு போர்த்திய மலை ஒன்று, விளக்கைப் போட்டுக்கொண்டு, ஹோர்னை விடாமல் அடித்துக்கொண்டு, சிவப்புப் பலகையைத் தாண்டி மெயின் ரோட்டுக்குள் பாய்ந்தது. ஜீப்புக்கும் லொறிக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கும் இடம்தான். காற்று அவள் சேலையை இழுத்தது. ஸ்டியரிங்கோடு ஸ்டியரிங்காக ஒட்டிக்கிடந்த சுதாகரனின் முகம் ஒரு நொடி தெரிந்து மறைந்தது.

ரோட்டைக் கடந்துவிட்டது. மாதா கோயில் ஏற்றத்தில் மூக்கைத் தூக்கியது. ஏறியது. ஏறியது. எஞ்சின் திணறி, இருமி, நின்றது.

ஒரு மூச்சு நேரம் எல்லாம் அசையாமல் இருந்தது.

பிறகு லொறி மெதுவாகப் பின்னால் உருளத் தொடங்கியது.

"அம்மோ!" என்று யாரோ கத்தினார்கள். கண்டக்டர் அதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்தான். மலை ரோட்டுப் பஸ் எதிலும் கண்டக்டரின் காலடியில் ஒரு கட்டை இருக்கும், ஏற்றத்தில் நிறுத்தினால் சக்கரத்துக்கு அணை வைக்க. அதை எடுத்துக்கொண்டு ஓடினான். கட்டையைச் சக்கரத்தடியில் தள்ளினான். மைக்கல் இரண்டு கையாலும் ஒரு பெரிய கல்லைத் தூக்கி வந்து அடுத்த சக்கரத்தில் போட்டான். கடலைக்கு இறங்கியவர்கள் எல்லாம் கல்லோடு வந்தார்கள். ஜீப்காரனும் ஒரு கல் கொண்டுவந்தான். லொறி கட்டையில் ஏறி, யோசித்து, இறங்கி நின்றுகொண்டது.

இந்தத் தடவை உண்மையாகவே நின்றுவிட்டது.

---

ஜீவராணி ரோட்டிலேயே உட்கார்ந்தாள். சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும் வந்தது. இரண்டையும் சேர்த்தே செய்தாள்.

பஸ் டிரைவர் இறங்கி வந்தார். லொறியைப் பார்த்தார். தன் பஸ் நின்ற இடத்தைப் பார்த்தார். பஸ்ஸின் மூக்குக்கு நேரே சிவப்புப் பலகை. எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவருடைய பஸ் அந்தப் பலகைக்குப் பின்னால் நின்றிருந்தது. தலையைச் சொறிந்தார்.

"அப்ப கடலை?" என்று கிண்ணம் வைத்திருந்த அம்மா சிங்களத்தில் கேட்டார்.

"இல்லம்மா" என்றாள் ஜீவராணி. "கடலையும் இல்ல, ஒண்ணும் இல்ல. பொய் சொன்னேன். மன்னிச்சிருங்க."

அம்மா அவளுடைய வெறுங்காலைப் பார்த்தார். முழங்கையில் வழிந்த ரத்தத்தைப் பார்த்தார். பஸ்ஸுக்குப் போய் கோப்பி நிரப்பிய சுடுதண்ணிப் போத்தலோடு திரும்பி வந்தார். கிண்ணம் கையில் இருந்ததை மறந்துவிட்டாரோ என்னவோ, துவாயை அவிழ்த்துவிட்டு அகப்பையிலேயே கோப்பியை ஊற்றினார். "பொண்ட, துவே" என்றார். குடி மகளே என்று சொன்ன குரலுக்கு மறுத்துப் பேச முடியவில்லை. கஞ்சி வாசம் அடித்த அந்தக் கோப்பியை ஜீவராணி ஒரே மடக்கில் குடித்தாள்.

மைக்கல் பக்கத்தில் வந்து குந்தினான். "அக்கா, அடுத்த வெசாக்குக்கு நம்ம நெசமாவே ஒண்ணு போட்ருவோம். இல்லாட்டி என்னய டிப்பர்காரன் தேடி வந்து அடிப்பான். ஐஸ்கிரீம்னு சொல்லிட்டேன்."

"இந்தப் பனியில ஐஸ்கிரீம்னு எவன்டா சொல்லச் சொன்னான்?"

"அவசரத்துல வேற என்ன வரும்?"

சுதாகரன் லொறியில் இருந்து இறங்கினான். கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். சட்டை முழுக்க வேர்வை. ஜீவராணி எழுந்து போனாள். போகும்போது கட்டிப்பிடிக்கத்தான் போனாள். கிட்டே போனதும் வேறு விதமாக ஆகிவிட்டது. அகப்பையால் அவன் தோளில் ஒரு போடு போட்டாள்.

"குதின்னா குதிக்க வேண்டியதுதானே! சாத்துன்னா சாத்த வேண்டியதுதானே! அந்தக் கொழுந்துல என்ன தங்கமா இருக்கு? சொல்லுங்க! கொழுந்து மூட்ட மாதிரி நான் அந்த மலையில உருண்டு வந்தேன், எதுக்கு? ஒரு வண்டிக் கொழுந்துக்கா?"

அவன் அவளுடைய கையைப் பிடித்து, லொறிக்குப் பின்பக்கம் கூட்டிப் போனான். படங்குக் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தான். நனைந்து இறுகிய முடிச்சு இளகவில்லை. கண்டக்டர்தான் அவிழ்த்தான்.

"பன்னெண்டாம் நம்பர் மலைலருந்து நடந்து வர முக்கால் மணி நேரம்" என்றான் சுதாகரன். "மழை வேற. ஏத்தக்கூடாதுன்னு ரூல்ஸ் இருக்கு, தெரியும். மேல் வளைவுல இறக்கிவிட்ருங்கன்னு கெஞ்சினாங்க. இறக்கத்தான் மிதிச்சேன்."

படங்கு விலகியது.

கொழுந்து மூட்டைகளுக்கு மேலே, மழைக்குப் போடும் கொங்காணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து, பாதிப் பேர் தூக்கத்தில், பாதிப் பேர் வெற்றிலை மென்றுகொண்டு, பெண்கள். வெளிச்சம் பட்டதும் கண்ணைக் கசக்கினார்கள். காளியாயி முதலில் எழுந்தாள். அப்புறம் ஷாமிலா. அப்புறம் ஜொய்சி. ஜீவராணி எண்ணத் தொடங்கினாள். ஆறு... ஒன்பது... பதினொன்று.

பதினொரு பேர்.

"இன்னைக்கித்தாண்டி சுதாகரன் அண்ணன் ஒழுங்கா மெதுவா ஓட்டினாரு" என்று உள்ளே யாரோ கொட்டாவி விட்டார்கள். "ஹோர்ன் சத்தந்தான் தாங்கல."

காளியாயி லொறிப் பலகையில் ஒரு காலைப் போட்டு இறங்கப் பார்த்தாள். மாதா கோயில் ஏற்றத்தைப் பார்த்தாள். கல்லோடு நிற்கும் கூட்டத்தைப் பார்த்தாள். கடைசியாக அகப்பையோடு நிற்கும் ஆயம்மாவைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏன்டி ஜீவராணி, நீ இங்க நின்னா அங்க எங்க பதினொரு பிள்ளைகளையும் யாரு பாக்குறா?"